பதினாலு நாடும் ஒரு யூனியன் ஆபீசும்

கொல்லிமலைன்னு சொன்னா வெளியூர் நண்பர்கள் ரெண்டு கேள்விதான் கேப்பாங்க. ஒண்ணு, "அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுல வாந்தி வராதா?" ரெண்டாவது, "சித்தர் யாரையாவது நேர்ல பாத்திருக்கியா?" முதல் கேள்விக்கு பதில்: வரும், முன் சீட்ல உக்காருங்க. ரெண்டாவதுக்கு பதில் சொல்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு :-)

வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, ஆகாய கங்கை பத்தியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. இந்தப் பதிவு எங்க மலையோட பஞ்சாயத்து பத்தி. ஆலமரம், சொம்பு, நாட்டாமை வகையறா இல்லைங்க. தீர்மான நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப், செம்மேடு யூனியன் ஆபீஸ் வகையறா. தூங்கிடாதீங்க, உள்ள ஒரு நல்ல கதை இருக்கு.

செம்மேட்ல இருக்கற ஊராட்சி ஒன்றியத்துக்குக் கீழ மொத்தம் 14 ஊராட்சிகள். பேரைக் கேளுங்க: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, சித்தூர் நாடு, பெரக்கரை நாடு, பைல் நாடு. ஒண்ணுவிடாம எல்லாத்துக்கும் கடைசியில 'நாடு'. மலையை விட்டு இறங்கினா பட்டி, பாளையம், புதூர், பேட்டைதான். மேல ஏறினா ஒரே யூனியனுக்குள்ள பதினாலு நாடு! ஐ.நா. சபை மாதிரி.

இது யாரோ அதிகாரி ஆசைப்பட்டு வெச்ச பேர் இல்லை. சோழர் காலத்துல நாடுன்னா பல ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். அங்க கூடிப் பேசி முடிவெடுத்தவங்களுக்கு நாட்டார்னு பேர். வரலாற்று அறிஞர் ஒய். சுப்பராயலு 1973-ல வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் புவியியல் நூல்ல கல்வெட்டுகளை வெச்சே இந்த நாடுகளை வரைபடத்துல குறிச்சுக் காட்டியிருக்கார். சமவெளியில அந்த நாடுகள் பின்னால வந்த நிர்வாகங்கள்ல கரைஞ்சு போச்சு. செட்டிநாடு, கொங்குநாடுன்னு பேச்சுல மிச்சம் இருக்கு, அவ்வளவுதான். மலைகள்ல அப்படி ஆகலை. பக்கத்துல பச்சைமலையில வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை நாடுன்னு இன்னமும் சொல்றாங்க. கொல்லிமலையில அந்தச் சொல் ஊராட்சியோட பேர்ப்பலகை வரைக்கும் வந்து உக்காந்திருக்கு.

எங்க ஆளுங்களுக்கு மலையாளின்னு பேர். (கேரளா இல்லை சாமி. மலையை ஆளுறவன், மலையாளி. இதை ஆபீஸ்ல எத்தனை தடவை விளக்கியிருப்பேன்னு கணக்கே இல்லை.) காஞ்சிபுரத்துல இருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு அண்ணன் தம்பிங்க கிளம்பி வந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலைப் பக்கம் தங்கிட்டாங்கன்னு எங்க பெருசுங்க சொல்ற கதை. 1909-ல எட்கர் தர்ஸ்டன் எழுதின தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூல்லயும் இந்தக் கதை பதிவாகியிருக்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஊர்க்கவுண்டர். சேதி சொல்ல, ஆளைக் கூட்டிட்டு வர ஒரு கரக்காரர். பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு ஒரு பெரியவர். அதுக்கு மேல பட்டக்காரர். பேர்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். நிலத் தகராறு, கல்யாணம், அறுத்துக்கட்டறது, திருவிழா வரி, தண்ணிப் பங்கீடு எல்லாம் இவங்க கூடிப் பேசி முடிக்கற விஷயம்.

இதைக் கேட்டதும் "ஆஹா, அந்தக் கால ஜனநாயகம்"னு சிலர் கண்ணு கலங்குவாங்க. கொஞ்சம் பொறுங்க. நாட்டுக் கூட்டத்துல பொம்பளைங்களுக்கு இடம் கிடையாது. தீர்ப்பு அவங்களைப் பத்தியா இருந்தாலும், பேசறது ஆம்பளைங்கதான். பதவியும் பரம்பரையா போகும். 1996-ல உள்ளாட்சித் தேர்தல்ல பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு இட ஒதுக்கீடு வந்தப்பதான் எங்க மலையில பொண்ணுங்க தலைவர் நாற்காலியில உக்கார ஆரம்பிச்சாங்க. 2016-ல சட்டத்தைத் திருத்தி அது பாதிக்குப் பாதி ஆச்சு. அதனால பழைய நாட்டு முறையை அப்படியே திரும்பக் கொண்டு வரணும்னு நான் சொல்ல வரலை. அந்த முறைகிட்ட இருந்து எந்த வேலைகளை எடுத்தாங்க, அதை யார் கையில குடுத்தாங்கன்னுதான் பாக்கப் போறோம்.

இப்ப 1882-க்குப் போவோம். பள்ளிக்கூட வரலாற்றுல ரிப்பன் பிரபு ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் மே மாசம் அவர் கொண்டு வந்த தீர்மானம்தான் இந்திய உள்ளாட்சிக்கு அடிப்படைன்னு அஞ்சு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போம். உள்ளூர் விஷயத்தை உள்ளூர்க்காரங்களே பாத்துக்கட்டும், அதுல அவங்க பழகட்டும்ங்கறது அதோட சாரம். அதை ஒட்டி 1884-ல மெட்ராஸ் மாகாணத்துல உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்துச்சு. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு எல்லாம் அதுலதான். நல்ல விஷயம்.

அதே 1882-ல மெட்ராஸ் மாகாணத்துல இன்னொரு சட்டமும் வந்துச்சு. மெட்ராஸ் வனச் சட்டம். எந்தெந்தக் காடு 'ரிசர்வ்' காடுன்னு அரசாங்கம் அறிவிக்கலாம். அறிவிச்சப்புறம் உள்ள மாடு மேய்க்கறது, விறகு வெட்டறது, தீ மூட்டறது, உழறது எல்லாம் குத்தம். சமவெளிக்காரனுக்கு ரிப்பன் தீர்மானம் பெரிய சேதி. மலைக்காரனுக்கு எது பெரிய சேதின்னு நான் சொல்லணுமா? ஊருக்கு நடுவுல இருக்கற பாதைக்கு தாலுகா போர்டு. ஊரைச் சுத்தி இருக்கற காட்டுக்கு, அதாவது சோத்துக்கு, பாரஸ்ட்காரர். நாட்டுக் கூட்டத்துகிட்ட மிஞ்சினது கல்யாணமும் திருவிழாவும்தான்.

எங்க மலை மாதிரி மாகாணத்துல வேற மலைகளும் இருந்துச்சு. வடக்க கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மலைகள். அங்க அடிக்கடி கலகம். அதனால 1839-லயே கஞ்சம், விசாகப்பட்டினம் மலைகளைச் சாதாரணச் சட்டங்கள்ல இருந்து விலக்கி, கலெக்டரை ஏஜென்டா போட்டு தனியா ஆண்டாங்க. 'ஏஜென்சி'ங்கற பேர் அப்படி வந்ததுதான். 1879-ல ரம்பா கலகம், 1922-ல அல்லூரி சீதாராம ராஜு எல்லாம் அந்தப் பக்கம். 1935 இந்திய அரசாங்கச் சட்டத்துலயும் அந்த மலைகளுக்குத் தனி இடம் குடுத்தாங்க. கொல்லிமலை? நாமக்கல் தாலுகாவுல ஒரு மூலை. அவ்வளவே. என் கணிப்பு என்னன்னா, சண்டை போட்ட மலைக்குத் தனி விதி கிடைச்சுது, சத்தம் போடாம இருந்த மலைக்கு தாலுகா ஆபீஸ் கிடைச்சுது.

சுதந்திரம் வந்தப்புறம் இதுக்கு ஒரு விளைவு இருந்துச்சு. அரசியல் சாசனத்துல ஐந்தாம் அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. பழங்குடிகள் அதிகமா இருக்கற பகுதிகளை ஜனாதிபதி அறிவிக்கலாம். அங்க நில விற்பனை, வட்டிக்கு விடறது எல்லாத்துக்கும் தனி விதிகள் போடலாம். 1950-ல அந்தப் பட்டியல் வந்தப்ப, பழைய 'ஏஜென்சி' பட்டியலைத்தான் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கிட்டாங்க. மெட்ராஸ் மாநிலத்துல கோதாவரி, விசாகப்பட்டினம் மலைகளும் லட்சத்தீவும் அதுல இருந்துச்சு. 1953-ல ஆந்திரா பிரிஞ்சப்ப மலைகள் அங்க போயிடுச்சு. 1956-ல லட்சத்தீவு யூனியன் பிரதேசம் ஆயிடுச்சு. மிச்சம் இருந்த மாநிலத்துல பூஜ்யம். அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் தமிழ்நாட்டுல ஐந்தாம் அட்டவணைப் பகுதின்னு ஒரு சென்ட் நிலம் கூட கிடையாது.

இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு நம்ப முடியலை. 1960-61-ல தேபர் கமிஷன் இதுக்கு அளவுகோல் சொல்லியிருக்கு: பழங்குடிகள் பெரும்பான்மையா இருக்கணும், இடம் தொடர்ச்சியா இருக்கணும், நிர்வாகத்துக்கு ஏத்த அளவு இருக்கணும், பொருளாதாரத்துல பின்தங்கியிருக்கணும். கொல்லிமலையில 2011 கணக்குப்படி சுமார் 40 ஆயிரம் பேர். பத்துல ஒன்பது பேருக்கு மேல பழங்குடிகள். தனி மலை, தனி யூனியன். டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ், ஆனா ரிலீஸ் ஆகலை.

சரி, பட்டியல்ல இல்லாட்டி என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேக்கலாம். 1993-ல 73-ஆவது திருத்தம் வந்து நாடு முழுக்க ஊராட்சிகளுக்கு ஒரு சட்டகம் கிடைச்சுது. அட்டவணைப் பகுதிகளுக்கு அது நேரா பொருந்தாதுன்னு விலக்கு குடுத்திருந்தாங்க. அதுக்காக பூரியா குழு போட்டு, 1996 டிசம்பர்ல தனியா ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. பேர் பெசா. அதுல என்ன இருக்குன்னு பாருங்க. கிராமம்னா வருவாய்த்துறை கோடு போட்ட இடம் இல்லை. மரபுப்படி தங்கள் காரியத்தைத் தாங்களே பாத்துக்கற ஒரு குடியிருப்புன்னு அர்த்தம். நிலம் கையகப்படுத்தறதுக்கு முன்னாடி கேக்கணும். சிறு கனிமக் குத்தகைக்கு முன்கூட்டியே பரிந்துரை வாங்கணும். கடுக்காய், தேன் மாதிரி சிறு வன மகசூலுக்கு உரிமை. நிலம் வெளியாள் கைக்குப் போறதைத் தடுக்கவும், போனதைத் திரும்ப வாங்கவும் அதிகாரம். கிராமச் சந்தையை நடத்தற அதிகாரம். இது கிட்டத்தட்ட எங்க நாட்டுக் கூட்டத்தோட பழைய வேலைப் பட்டியல்தான், காடு ஒண்ணு கூடுதலா!

ஆனா கொல்லிமலைக்கு அது பொருந்தாது. எங்க 14 நாடும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி நடக்குது. அதாவது எருமப்பட்டிக்கும் சேந்தமங்கலத்துக்கும் பக்கத்துல இருக்கற சமவெளி ஊராட்சிக்கு என்ன அதிகாரமோ அதேதான். தெரு விளக்கு, குடிதண்ணி, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை. இன்டர்ஃபேஸ் பேர் 'நாடு'. உள்ள போய்ப் பாத்தா இம்ப்ளிமென்டேஷன் வேற.

இப்ப நடப்பு விஷயத்துக்கு வரேன். செம்மேட்ல எந்த கவுன்சில் உக்காந்தாலும் மேசைக்கு வந்தே தீர வேண்டிய நாலஞ்சு விஷயம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் இந்தப் பழைய கதை குறுக்க வந்து நிக்கும்.

நிலத்தை எடுத்துக்கங்க. கடந்த சில வருஷங்கள்ல மலையில ரிசார்ட், காட்டேஜ், 'வியூ பாயின்ட் பிளாட்' எல்லாம் எப்படி முளைச்சிருக்குன்னு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. ஆந்திர ஏஜென்சி மலைகள்ல 1959 ஒழுங்குமுறை, அதுக்கு 1970-ல வந்த திருத்தம், ரெண்டும் சேர்ந்து பழங்குடி அல்லாதவங்களுக்கு நிலம் மாறுறதையே தடுத்துடுச்சு. 1997-ல சமதா வழக்குல உச்ச நீதிமன்றம் அங்க தனியார் கம்பெனிக்குச் சுரங்கக் குத்தகையும் கூடாதுன்னு சொல்லிடுச்சு. எங்க மலைக்கு அப்படி ஒரு வேலி இல்லை. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டுல இருந்தும் கொல்லிமலையில இருந்தும் பாக்சைட் போன காலத்துல எங்க ஊராட்சியோட சம்மதத்தைக் கேக்கணும்னு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒடிசாவுல நியமகிரியில 2013-ல பன்னண்டு கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம்னு சொன்னதையும், அதோட சுரங்கத் திட்டம் நின்னதையும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

தண்ணி அடுத்தது. மலை ஓடைகளை மறிச்சு 20 மெகாவாட் புனல் மின் திட்டம். கரண்ட் வேணாம்னு யாரும் சொல்லலை. அய்யாத்துலயும் ஆகாய கங்கையிலயும் கோடையில எவ்வளவு தண்ணி விடுவாங்கன்னு எழுத்துல குடுங்கன்னுதான் கேக்கறாங்க. அதைக் கேக்க வேண்டிய இடம் கிராம சபை. கேட்டு என்ன ஆகும்? தீர்மானம் நோட்டுல ஏறும். நோட்டு பீரோவுல ஏறும்.

சந்தை. சோளக்காட்டுல பலாவும் அன்னாசியும் மிளகும் வாழையும் விக்கற இடம். குச்சிக்கிழங்கு நேரா லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போயிடும். விலையைச் சொல்றது ரெண்டு இடத்துலயும் கீழ இருந்து வர்றவர்தான். சாமையும் தினையும் குறைஞ்சு கிழங்கு ஏறினதுக்கு இந்த லாரியும் ஒரு காரணம்.

அப்புறம் ரோடு. இதுதான் எங்களுக்கு உயிர் பிரச்சினை. ஒரு நாட்டுக்குள்ள குக்கிராமங்கள் மலைச்சரிவு பூரா சிதறிக் கிடக்கும். நடுவுல ரிசர்வ் காடு. பிரசவ வலி வந்தா ரோடு இருக்கற இடம் வரைக்கும் தூக்கிட்டு வரணும். ஊராட்சிக்குப் பணம் இருந்தாலும் காட்டுக்குள்ள மண்வெட்டி வைக்க முடியாது. இதுல கிராம சபை தேதிகளையும் சேத்துக்கங்க. முன்ன வருஷத்துக்கு நாலு, 2022-ல மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டும் சேர்ந்து ஆறு. மக்கள்தொகை 3,000-க்கு மேல 10,000 வரைக்கும் இருக்கற ஊராட்சிக்கு கோரம் 200 பேர். சமவெளியில இது ஒரு டீ குடிக்கற தூரம். இங்க பாதி பேர் மலை ஏறி இறங்கி வரணும், அன்னிக்குக் கூலியும் போச்சு.

இதெல்லாம் பேச கவுன்சில் இருந்தாத்தானே? தமிழ்நாட்டுல 1970-க்கு அப்புறம் ஊராட்சித் தேர்தல் 1986-லதான் நடந்துச்சு. அடுத்தது 1996. அதுக்கப்புறம் 2001, 2006, 2011-னு ஒழுங்கா போச்சு. 2016 அக்டோபர்ல நடக்க இருந்த தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அந்த வழக்கு எதுல ஆரம்பிச்சுது தெரியுமா? பழங்குடிகளுக்கு இட ஒதுக்கீடு சரியா குடுக்கலைங்கறதுல! பழங்குடிக்கு நியாயம் கேட்டு வழக்கு, விளைவா பழங்குடி யூனியனுக்கும் சேத்து மூணு வருஷத்துக்கு மேல கவுன்சிலே இல்லை. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்து வந்தவங்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிஞ்சுது. மறுபடி தனி அலுவலர் ஆட்சி. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் நடத்தணும்னு சாசனத்துல 243-இ பிரிவு தெளிவா சொல்லுது. சாசனம் சொல்லிட்டுப் போகட்டும்ங்கற மாதிரிதான் நடக்குது. எங்க தாத்தா இதைக் கேட்டா சிரிப்பார். நாட்டுக்கவுண்டர் செத்தா மூணு வருஷமா நாற்காலியைக் காலியா விடுவாங்க?

ஐந்தாம் அட்டவணையில சேக்கறது டெல்லி வரைக்கும் போற வேலை. மாநில அரசு கேக்கணும், ஜனாதிபதி அறிவிக்கணும். இந்தக் கோரிக்கையை யூனியன் கவுன்சிலும் 14 ஊராட்சிகளும் தீர்மானமா போட்டு அனுப்பறதுக்குச் செலவு ஒரு தபால்தலைதான். சேந்தமங்கலம் தனித் தொகுதி. தமிழ்நாட்டுல பழங்குடிகளுக்கு இருக்கற ரெண்டே தொகுதியில இது ஒண்ணு, இன்னொண்ணு ஏற்காடு. அங்க ஓட்டுக் கேட்டு வர்றவங்க கிட்டயும் இதைக் கேக்கலாம்.

அது வர்ற வரைக்கும் கையில இருக்கற ஒரே நல்ல ஆயுதம் 2006 வன உரிமைச் சட்டம். இது அட்டவணைப் பகுதி, இல்லாத பகுதின்னு பாக்காம எல்லாக் காட்டுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுல இதுக்கும் ஒரு சோதனை. 2008-ல உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால உரிமைப் பட்டா குடுக்கறது நின்னு போய், 2016-ல உச்ச நீதிமன்றம் அதை நீக்கினப்புறம்தான் நகர ஆரம்பிச்சுது. பட்டா பத்தி எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கு: 3(2). ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிதண்ணிக் குழாய்னு 13 வகை வேலைக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவா காட்டு நிலம் எடுத்துக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி டெல்லி வரைக்கும் அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. ஆனா கிராம சபையோட பரிந்துரை கண்டிப்பா வேணும். அது இல்லாம பைல் நகராது.

நான் பாத்த வரைக்கும் தீர்மான நோட்டுல "மேற்படி கிராமத்திற்கு சாலை வசதி வேண்டி" அப்படின்னு ஒரே வரி எழுதி முடிச்சுடறாங்க. அடுத்த கிராம சபைக்குப் போறவங்க அதை விடாதீங்க. பிரிவு 3(2)-ன் கீழ்னு எழுதச் சொல்லுங்க. எந்தக் குக்கிராமம், எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம், எத்தனை மரம், எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க. நகலை அன்னிக்கே கேட்டு வாங்குங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 6 மீட்டர் அகலம்னு வெச்சா 1,666 மீட்டர் நீளம் வரைக்கும் போகலாம். போன மாசம் லீவுல வந்தப்ப, எங்க நாட்டுல தார் ரோடு முடியற இடத்துல இருந்து கடைசிக் குக்கிராமம் வரைக்கும் போன்ல ஜி.பி.எஸ். போட்டு நடந்து பாத்தேன். 1,400 மீட்டர்.